கொடுக்காத கை

அத்தியாயம் பதினொன்று

“செரி, நடக்கட்டும்” என்று நான் சொன்னதோடு போன வாரம் நின்றது. அந்த இரண்டு சொல்லைச் சொல்ல எனக்கு இரண்டு வருடம் ஆனது. சொல்லிவிட்டு முற்றத்துக்கு இறங்கிப் போனேன். உள்ளே என் மகள் அஜிஷா அழுகிற சத்தம் கேட்டது. என் மனைவி கிருபாபாய் ஒரு கிளாஸ் மோரைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். முப்பத்தொரு வருடமாக அவள் எனக்கு நன்றி சொல்கிற விதம் அதுதான்.

இந்த வாரம் புதிதாக வாசிக்க வந்தவர்கள் ஒன்றை மட்டும் தெரிந்துகொள்ள வேண்டும். அதை இன்னொரு தடவை எழுத எனக்கு விருப்பமில்லை. எழுதாமல் விட்டால் இன்றைய கதை விளங்காது.

இரண்டு வருடத்துக்கு முன் ஜெனில் தன் தாயாருடன் பெண் கேட்டு வந்தான். செங்கல் ஜங்ஷனில் கோழிக்கடை வைத்திருக்கிறான். ஆள் வைத்து நடத்துகிற கடை இல்லை. தானே பிடித்து, தானே வெட்டி, தானே கழுவிக் கொடுக்கிறவன். நான் பாறசாலை ஸ்டேஷனில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவன். என் தகப்பனார் பெயர் எங்கள் சபையின் அஸ்திவாரக் கல்லில் இருக்கிறது.

வந்தவன் வாசலில் நின்று கை நீட்டினான். விரல் முட்டிகளிலும் நகங்களைச் சுற்றியும் பாலுண்ணி. மலையாளத்தில் அரிம்பாறை என்பார்கள். எங்கள் பக்கத்தில் அதுவே புழக்கம். பாவற்காயின் முதுகு போல இருந்தது அந்தக் கை.

நான் அதைத் தொடவில்லை. என் தம்பி சிபியும் நான்கைந்து உறவுக்காரர்களும் பார்த்துக்கொண்டிருக்க, “இந்தக் கையிலயா எனக்க மகளுக்க கையப் பிடிச்சுக் குடுக்கச் சொல்லுதிய?” என்று கேட்டேன்.

அவன் கையை மடக்கி முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான். அவன் அம்மா லிஜி பாதிச் சாயாவை வைத்துவிட்டு எழுந்தார். அஜிஷா ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும்.

அவ்வளவுதான். இனி கல்யாண நாள்.

*

வியாழக்கிழமை காலை ஐந்தரை மணி. குளிமுறிக் கதவைக் கிருபாபாய் தட்டினாள்.

“இஞ்ச பாருங்க, நேரம் என்னாச்சுன்னு தெரியுமா? பந்தல்காரன் வந்து நிக்கியான்.”

“வாறேன்.”

வாறேன் என்றேனே தவிர, வலது கையில் சுற்றியிருந்த துணி பிரிந்து வரவில்லை. தண்ணீர் விட்டு நனைத்து எடுத்தேன். சுட்டுவிரலில் மூன்று இடம் கருத்துக் கிடந்தது. பெருவிரலின் அடியில் ஒன்று. அவற்றைச் சுற்றிலும் தோல் பொங்கி, வெடித்து, நீர் கசிந்துகொண்டிருந்தது. விரல் வாழைப்பூ மடலின் நிறத்துக்கு வந்திருந்தது.

இந்தக் கைக்கு இது வந்த கதையையும் சொல்லிவிடுகிறேன்.

ஜூலையில் நிச்சயம் நடந்தது. சபையார் முன்னால் ஜெனிலுக்குக் கை கொடுக்க வேண்டியிருந்தது. அவன் முகத்தையும் பார்க்காமல் கையையும் பார்க்காமல் கொடுத்தேன். ஆகஸ்டில் என் சுட்டுவிரலில் ஒரு மணி முளைத்தது. முள் தைத்திருக்கிறது என்று நினைத்து நகவெட்டியால் வெட்டினேன். ரத்தம் வந்தது. ஓணம் கழிந்து கொஞ்ச நாளில் பக்கத்தில் இன்னும் இரண்டு, பெருவிரலடியில் ஒன்று. அப்போதுதான் அது என்னவென்று எனக்குப் புரிந்தது. யாரிடமிருந்து வந்தது என்றும் நானே தீர்மானித்துக்கொண்டேன்.

கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது நெய்யாற்றின்கரைக்குத் தனியாக பஸ் ஏறிப் போனேன். ஜீனா டாக்டர் தோல் நோய் பார்க்கிறவர். மலையாளமும் தமிழும் கலந்தே பேசுவார். விளக்கைத் தாழ்த்தி என் விரலைப் பிடித்துப் பார்த்தார்.

“அரிம்பாறையாணு, மாஸ்டரே. ஒரு வைரஸ். தொட்டா பகரும், மத்தவங்களுக்கு ஒட்டும். ஆனா...”

அந்த ‘ஆனா’வுக்குப் பிறகு அவர் என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. நர்ஸ் கதவைத் திறந்தாள். வெளியே பெஞ்சில் எங்கள் சபைச் செயலரின் மனைவி உட்கார்ந்திருந்தார். நான் கையைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டேன்.

“இரிக்கணும் மாஸ்டரே, முடிக்கல்ல” என்றார் டாக்டர்.

சீட்டை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். அதை மருந்துக்கடையிலும் நீட்டவில்லை. கடைக்காரர் எங்கள் பாடகர் குழுவில் பாடுகிறவர்.

தொட்டால் பகரும். அந்த இரண்டு சொல் மட்டும் என்னோடு வீட்டுக்கு வந்தது.

கல்யாணத்துக்கு ஐந்து நாள் முன்பு, சனிக்கிழமை, அண்டியாபீசுக்குப் போனேன். முந்திரிக்கொட்டை உடைக்கிற ஆலையை இங்கே அப்படித்தான் சொல்வோம். கதவு நிலையைச் செல்லு அரிக்கிறது என்று சொல்லி, கொட்டைத் தோட்டின் எண்ணெய் ஒரு சின்னக் குப்பி வாங்கினேன். அந்த எண்ணெய் மரத்துக்கு நல்லது, தோலுக்கு நெருப்பு. சிறு வயதில் எங்கள் ஊரில் பாலுண்ணியை அதை வைத்துத்தான் கரிப்பார்கள். தீக்குச்சி முனையில் தொட்டு நான்கிலும் வைத்தேன். அடுத்த நாள் கருத்தது, சந்தோஷப்பட்டேன். மறுநாள் பொங்கியது. அப்புறம் நான்கும் நான்காக நிற்கவில்லை.

கல்யாணக் காலையில் கிருபாபாய் குளிமுறிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள்.

“கர்த்தாவே! இது என்னது?”

“சத்தம் போடாத.”

“அண்டி எண்ணையா? இந்த வயசுல இதென்ன பிள்ளை வெளையாட்டு? அஜிக்குத் தெரியுமா?”

“ஒருத்தருக்கும் தெரியண்டாம்.”

“இப்பவே காரக்கோணத்துக்குப் போனா பத்து மணிக்கு மின்ன திரும்பி வந்திரலாம். சிபிக்க வண்டி நிக்குதுல்லா.”

“மகளுக்க கல்யாணத்தன்னைக்கு அப்பன் ஆஸ்பத்திரியில சீட்டெடுத்து நிக்கணுமா?”

அவள் என் கையையே பார்த்தாள். “பின்ன சர்ச்ல எப்படிக் கையப் பிடிச்சுக் குடுப்பிய?”

எங்கள் சபையில் ஒரு முறை உண்டு. ‘இந்தப் பெண்ணைக் கொடுக்கிறவர் யார்?’ என்று போதகர் கேட்பார். தகப்பன் மகளின் வலது கையைத் தன் வலது கையால் பிடித்து மாப்பிள்ளையின் கையில் வைக்க வேண்டும். எங்கள் குடும்பத்தில் தகப்பன் உயிரோடிருக்க வேறொருவர் அதைச் செய்தது கிடையாது. என் அக்கா கல்யாணத்தில் காய்ச்சலாகக் கிடந்த தகப்பனாரை நாற்காலியோடு தூக்கிக் கொண்டுவந்தோம்.

“நான் பிடிக்கல்ல. அவ கையில பகர்ந்தா? அப்பன் குடுத்து விட்ட சீதனம்னு ஊரு சொல்லும்.”

“அப்பம் அவகிட்ட சொல்லுங்க. ஒரே ஒரு வார்த்த.”

“என்னன்னு சொல்ல? அவனுக்க கையப் பாத்து நான் கேட்டது அவளுக்கு மறந்தா இருக்கும்? இப்ப எனக்கும் அதேதான்னு அவளுக்கு முன்னால போய் நிக்கச் சொல்லுதியா?”

அவள் துண்டை எடுத்து என் மணிக்கட்டைத் துடைத்தாள். புண்ணைத் தொடாமல் துடைத்தாள்.

“நிக்கலாம்” என்றாள். “மகளுக்கு முன்னால தானே.”

நான் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டேன். வலது கை பாக்கெட்டுக்குள் போனது. அந்த வலியில் கண் இருட்டியது, பல்லைக் கடித்துக்கொண்டேன்.

*

சர்ச் வாசலில் சிபியைத் தனியே அழைத்தேன். என்னைவிடப் பதினான்கு வயது இளையவன். அஜிஷாவைத் தோளில் தூக்கி வளர்த்தவன்.

“போதகர் கேக்கும்ப நீ முன்னால வந்து குடு.”

“என்னத்தக் குடுக்க?”

“அவளுக்க கைய.”

அவன் சிரித்தான். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. “அண்ணா, இதென்ன பேச்சு? நீங்க இருக்கும்ப நானா?”

“சொன்னதச் செய்யிலே.”

“அவ என்ன நினைப்பா? அன்னைக்கு வீட்டுல வச்சு நீங்க கேட்டது எனக்கே இன்னும் காதுல கெடக்கு. நீங்க வேணும்னே...”

“சிபி!”

அவன் என் சொல்லைத் தட்டியதே இல்லை. அன்றும் தட்டவில்லை. அன்றைக்கு ஒரு நாள் தட்டியிருக்கலாம்.

அஜிஷா காரிலிருந்து இறங்கினாள். பாலராமபுரத்தில் அவள் அம்மா இரண்டு நாள் அலைந்து எடுத்த வெள்ளைப் புடவை. என் இடது பக்கம் வந்து, இடது கையைப் பற்றிக்கொண்டாள். உள்ளே பாட்டு ஆரம்பித்தது. நடந்தோம்.

பாதி தூரத்தில் மெல்லக் குனிந்து, “அப்பா, எனக்க கை நடுங்குது” என்றாள்.

“நேரே பாத்து நட.”

அவ்வளவுதான் சொன்னேன். என் மகளுக்குக் கல்யாணம் ஆகும் முன் நான் சொன்ன கடைசிச் சொல் அது.

போதகர் கேட்டார். அஜிஷா என் இடது கையை விட்டாள். திரும்பி, தன் வலது கையை என் பக்கம் நீட்டினாள். சிரித்துக்கொண்டுதான் நீட்டினாள்.

என் கை வெளியே வரவில்லை.

சிபி பின்வரிசையிலிருந்து எழுந்து வந்து நின்றான். அவள் அவனைப் பார்க்கவில்லை. கை என் பக்கமே நீண்டிருந்தது. முப்பத்தாறு வருடம் வண்டி நேரம் பார்த்தவன் நான். அரை நிமிடம் என்றால் எவ்வளவு என்று எனக்கு நன்றாகத் தெரியும். அது அரை நிமிடத்துக்கு மேல். அவள் கண் என் முகத்திலிருந்து கோட்டுப் பாக்கெட்டுக்கு இறங்கியது. பாக்கெட்டிலேயே நின்றது. அவளுக்கு என்ன நினைவு வந்தது என்பதை நான் பார்த்தேன். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டது அவள் முகத்தில் வந்து நின்றது.

“மக்கா, இஞ்ச தா” என்று சிபி சொன்னான்.

அவன்தான் கையைப் பிடித்துக் கொடுத்தான். ஜெனில் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.

போதகர் ஒரு தடவை என்னைப் பார்த்துவிட்டு மேலே வாசித்தார். எனக்குப் பின்னால் பெஞ்சில் யாரோ பக்கத்தில் இருந்தவரிடம், “மாஸ்டர் சொன்ன சொல்லக் காப்பாத்திட்டாரு, கேட்டியா” என்றார். அதில் கொஞ்சம் மெச்சுதலும் இருந்தது. என் வாழ்நாளில் எத்தனையோ பேர் என்னை மெச்சியிருக்கிறார்கள். அந்த மெச்சுதலைப் போல எதுவும் என்னை அறைந்ததில்லை.

சாப்பாடு முடிந்தது. புறப்படும்போது அவள் அம்மாவைக் கட்டிப்பிடித்து அழுதாள். சிபியைக் கட்டிப்பிடித்து அழுதாள். என் முன்னால் வந்தபோது அழுகை நின்றிருந்தது. ஒரு கை தூரத்தில் நின்றாள்.

“வாறேன்” என்றாள்.

அப்பா என்று சொல்லவில்லை.

*

கார் வளைவு திரும்பியதும் சிபி என் முன்னால் வந்து நின்றான். பந்தலில் ஆட்கள் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

“இனி சொல்லணும். எதுக்கு அப்படிச் செய்தியோ?”

“வழி விடு.”

“விட மாட்டேன். அந்தப் பிள்ள நீட்டின கையோட நின்னுது. எனக்குச் சோறு இறங்கல்ல. எதுக்குன்னு சொல்லிட்டுப் போங்க.” என் வலது கையைப் பிடித்துப் பாக்கெட்டிலிருந்து இழுத்தான்.

நான் கத்திவிட்டேன். பந்தல் ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். சிபி என் கையைப் பார்த்தான். என் முகத்தைப் பார்த்தான். போய் வண்டியை எடுத்துவந்தான். நெய்யாற்றின்கரைக்கு விட்டான். வழியில் இரண்டு தடவை கண்ணைத் துடைத்தான்.

ஜீனா டாக்டர் வீட்டில் வைத்து நோயாளிகளைப் பார்க்கிற நேரம் அது. பட்டு வேட்டியும் கோட்டுமாக வந்து நின்ற என்னைப் பார்த்து எழுந்தார்.

“எந்தா மாஸ்டரே இது! என்ன வச்சீங்க இதில?”

சொன்னேன். அவர் திட்டவில்லை. குளிர்ந்த தண்ணீரில் நெடுநேரம் கழுவினார். செத்த தோலை நீக்கி, களிம்பு போட்டு, தடிமனாகக் கட்டினார். கட்டிக்கொண்டே பேசினார்.

“இது பொள்ளல், தீப்புண் மாதிரி. அரிம்பாறையைவிட மோசம். உங்க வயசுல கையில புதுசா எது முளைச்சாலும் டாக்டர்கிட்ட காட்டணும். காட்டினது சரி. முழுசும் கேட்டுட்டுப் போயிருக்கணும்.”

“பகரும்னு சொன்னீங்க.”

“பகரும். தோலோட மேல்பாகத்துல இருக்கிற வைரஸ் அது. சின்னக் கீறல் இருந்தா அது வழியா ஏறும். நீங்க நகவெட்டி வச்சு நோண்டினீங்க இல்லையா, அதுல உங்க கையிலயே பக்கத்துல பரவியிருக்கும். ஈரத்துல ஊறின கைக்குச் சீக்கிரம் வரும். மீன் வெட்டுறவங்க, இறைச்சி வெட்டுறவங்க கையில நிறையப் பாக்கலாம்.”

“ஜூலையில ஒருத்தனுக்குக் கை குடுத்தேன். ஆகஸ்டுல வந்துது.”

“வெளியில தெரியறதுக்குச் சாதாரணமா சில மாசம் ஆகும். சிலருக்கு ஒரு வருஷம்கூட. அந்த ஆளாயிருக்க வாய்ப்பு குறைவு. யார்கிட்டேயிருந்துன்னு கண்டுபிடிக்கவும் முடியாது. எதுக்குக் கண்டுபிடிக்கணும்?”

அவர் கட்டின் முனையை ஒட்டினார்.

“சீட்டுல எழுதினது ஒரு அமில மருந்து. கையை வெந்நீர்ல முக்கி வச்சு, செத்த தோலை மெதுவா உரசி எடுத்து, அரிம்பாறை மேல மட்டும் தொட்டு வைக்கணும். சுத்தி நல்ல தோலுக்கு வாஸ்லின். தினமும் செய்யணும், மூணு மாசம் பொறுமை வேணும். கேக்கலைன்னா உறைய வச்சு எடுக்கலாம். ஒண்ணுமே செய்யாட்டியும் நிறையப் பேருக்கு ஒண்ணு ரெண்டு வருஷத்துல தானா போயிரும்.”

“எனக்கு மூணு வாரம்தான் இருந்தது. கல்யாணம்.”

“கல்யாணத்துக்கு முன்னால போயே ஆகணும்னு யார் சொன்னா?” அவர் நிமிர்ந்து பார்த்தார். “ஆனான்னு நான் ஆரம்பிச்சது அதுக்குத்தானே. ஒரு துண்டு பிளாஸ்டர் ஒட்டி மூடிட்டா போதும், பேத்தி பேரனைக்கூடத் தூக்கலாம்னு சொல்ல வந்தேன்.”

“ஒருத்தர் கையைப் பிடிக்கலாமா?”

“பிடிக்கலாமே. ஒரு நிமிஷம் பிடிச்சா என்ன ஆகப்போகுது?”

சிபி எழுந்து வெளியே போய்விட்டான்.

*

எங்கள் பக்கத்தில் கல்யாணத்தன்று சாயங்காலம் ‘அடுக்களை காணல்’ என்று ஒன்று உண்டு. பெண் வீட்டுப் பெண்கள் பலகாரமும் பாத்திரங்களும் எடுத்துக்கொண்டு மாப்பிள்ளை வீட்டுக்குப் போய், தங்கள் பெண் இனிப் புழங்கப்போகிற அடுக்களையைப் பார்த்துவிட்டு வருவார்கள். ஆண்கள் துணைக்குப் போனால் முன்னறையில் உட்கார்ந்து சாயா குடித்துவிட்டுத் திரும்புவோம். தகப்பன் போவது வழக்கமில்லை.

வேன் புறப்படும்போது நானும் ஏறினேன். கிருபாபாய் என் கட்டைப் பார்த்தாள். இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தாள்.

செங்கலில் ஜெனிலின் வீடு சின்ன வீடு. புதிதாக வெள்ளை அடித்திருந்தார்கள். லிஜி வாசலுக்கு வந்து, “வரணும் மாஸ்டர்” என்று இரண்டு கையும் கூப்பினார். அன்று பாதிச் சாயாவோடு எழுந்துபோனவர் அதே மரியாதையோடு என்னை உட்கார வைத்தார். அவர்கள் பக்கத்து உறவுக்காரர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். நான் கையைக் கோட்டுப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். கட்டு தடிமனாக இருந்ததால் பாதிதான் போனது.

அஜிஷா சாயாத் தட்டோடு வந்தாள். சிவப்புப் புடவை மாற்றியிருந்தாள். ஒவ்வொருவர் முன்னாலும் குனிந்து, ஒவ்வொருவரிடமும் ஒரு சொல் பேசி, கடைசியாக என்னிடம் வந்தாள்.

“சாயா எடுங்க” என்றாள். எங்கோ பார்த்துச் சொன்னாள். விருந்துக்கு வந்த அன்னியரிடம் சொல்வதுபோல.

இடது கையால் எடுத்தால் அவமதிப்பு. எடுக்காமலிருந்தால் அதைவிடப் பெரிய அவமதிப்பு. அவள் அதற்குத் தயாராகத்தான் நின்றாள் என்று அவள் தாடையைப் பார்த்தாலே தெரிந்தது.

நான் வலது கையை வெளியே எடுத்தேன்.

கட்டுப்போட்ட விரல்களால் கோப்பையைப் பிடித்தேன். பிடிப்பு நிற்கவில்லை. கோப்பை கவிழ்ந்து, சாயா கட்டின்மேல் கொட்டி, வேட்டியெல்லாம் வழிந்தது.

“அய்யோ மாமா!” ஜெனில்தான் முதலில் ஓடிவந்தான். என் முழங்கையைப் பிடித்துப் பின்பக்கம் குழாயடிக்குக் கூட்டிக்கொண்டு போனான். நனைந்த கட்டை மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்தான். விரலைப் பார்த்ததும் அவன் கை நின்றது.

“இது அண்டி எண்ணெய் பொள்ளலாக்கும், இல்லியா?”

“உனக்கு எப்படித் தெரியும்?”

“எனக்குத் தெரியாதா? அன்னைக்கு உங்க வீட்டுல இருந்து வந்த ராத்திரியே நானும் இதத்தான் போட்டேன்.” சிரிக்க முயன்றான். “ஒரு விரலு போச்சுன்னு நினைச்சேன். அஜிதான் கண்டுபிடிச்சு வழக்குப் பறஞ்சு ஏசினா. டாக்டர்கிட்ட கொண்டு போனா. பின்ன மூணு மாசம் அவதான் மருந்து வச்சா, மாமா. அவ வேலை விட்டு வரும்ப நெய்யாற்றின்கரை பஸ் ஸ்டாண்டு பெஞ்சுல இருந்து, கையில வாங்கி வச்சு, ஒவ்வொண்ணா. பதினொண்ணு இருந்துது.”

“அவளுக்குப் பகரல்லையா?”

“ஒண்ணும் இல்ல.” தன் கைகளைக் குழாய் வெளிச்சத்தில் விரித்தான். வெட்டுத் தழும்புகள் இருந்தன. வேறு ஒன்றும் இல்லை. நகத்தைச் சுற்றித் தோல் சுத்தமாக இருந்தது. “போய் ஒரு வருஷத்துக்கு மேலாச்சு. நிச்சயத்துக்கு மாமா பாக்கல்ல.”

பதினொன்று. என் வீட்டில் ஒரே கூரைக்குக் கீழே இருந்த பெண். நான் நான்கை மறைத்தது அவளிடமிருந்து.

“மாறுங்க” என்று பின்னாலிருந்து குரல் கேட்டது.

அஜிஷா ஒரு தகரப் பெட்டியோடு நின்றாள். கடையில் கத்தி பட்டால் கட்டுவதற்கு வைத்திருக்கிற பெட்டி. ஜெனில் விலகினான். அவள் குந்தி உட்கார்ந்து என் கையைத் தன் முழங்கால்மேல் எடுத்து வைத்து, மிச்சக் கட்டையும் அவிழ்த்தாள். பார்த்தாள்.

“எப்ப போட்டிய?”

“சனிக்கிழம.”

“காலைல இப்படித்தான் இருந்துதா?”

“இப்படித்தான்.”

தண்ணீரைச் சன்னமாகத் திறந்து விரல்மேல் விட்டாள். நெடுநேரம் விட்டாள்.

“நான் கைய நீட்டிட்டு நின்னேன், அப்பா.”

அப்பா என்று சொன்னாள். அதற்கு நான் அழுதிருக்க வேண்டும். எனக்கு அது வரவில்லை, விளக்கம்தான் வந்தது. “உனக்குப் பகரும்னு பயந்தேன், மக்களே.”

“அதுக்கு ஒரு வார்த்த போரும்.” பஞ்சால் ஒற்றினாள். “எனக்குப் பகரும்னு இல்ல. நான் அறிஞ்சா உங்களுக்குக் கொறைச்சலுன்னு. அதாக்கும் பயம்.”

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள். சொல்லவில்லை.

களிம்பை விரலில் எடுத்துத் தடவினாள். டாக்டர் தொட்டபோது வலித்த இடம் அவள் தொட்டபோது வலிக்கவில்லை. விரல்களைத் தனித்தனியே பிரித்து, இடையில் துணி வைத்து, இறுக்காமல் தளர்த்தாமல் சுற்றினாள். முடிச்சைப் புறங்கைப் பக்கம் கொண்டுவந்து போட்டாள். அவள் கண்ணிலிருந்து ஒரு சொட்டு கட்டின்மேல் விழுந்தது. அந்த இடத்தில் இன்னொரு சுற்று சுற்றி மறைத்துவிட்டாள்.

“நாளைக்குச் சாயங்காலம் கட்டு மாத்தணும். நனைக்கப்பிடாது.”

“ஞாயிற்றுக்கிழம நீங்க ரெண்டு பேரும் மறுவீடு வருவியல்லா” என்றேன். “அன்னைக்கு நீயே மாத்து.”

அவள் பெட்டிக்குள் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். கத்தரி, களிம்பு, பஞ்சு. மூடியை அழுத்தினாள்.

“அம்மாக்குத் தெரியும். அம்மா மாத்துவா.”

எழுந்து கையைக் கழுவிக்கொண்டு அடுக்களைக்குள் போனாள்.

ஜெனில் என்னைப் பார்த்தான். அவள் போன வாசலைப் பார்த்தான். எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நின்றான்.

“நீ போ, மக்கா” என்றேன். “அவகிட்டப் போ.”

அவன் போனான்.